தாவரவியல் படித்தவளுக்கு பாங்கில் என்ன வேலை?

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் சோளிங்கரில் பஸ்ஸை விட்டு இறங்கக்கூட இடம் இருக்காது. அந்த மாதம் மட்டும் யோக நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம். 1,305 படி ஏறித்தான் பார்க்க வேண்டும் என்றிருந்த காலம் போய், 2024-ல் ரோப் காரும் வந்துவிட்டது. என் முழங்கால் அதற்கு நன்றி சொல்லும்.

தரிசனம் முடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். காபி டம்ளரை நீட்டின அண்ணியின் கழுத்தில் மஞ்சள் சரடு மட்டும்தான் இருந்தது. எப்போதும் போட்டிருக்கும் ஒன்றரைப் பவுன் சங்கிலியைக் காணோம். நம் பெண்களின் கண் முதலில் அங்கேதானே போகும்!

"சங்கிலி எங்கே அண்ணி?"

அண்ணி சமையல் கட்டைப் பார்த்தாள். அங்கே அண்ணன் மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். பெண் வாலாஜாபேட்டை அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். வயசு இருபத்தாறு. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷூ கம்பெனியில், எத்தனை ஜோடி பெட்டியில் போயிற்று என்று கணக்கு எழுதுகிற வேலை. "பாங்க் வேலை கேரண்டி" என்று ஒருவர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். நாற்பதாயிரம் கட்டினால் பயிற்சியும் கொடுத்து வேலையும் வாங்கித் தருவதாகப் பேச்சு. சங்கிலி அடகுக்குப் போயிற்று. இரண்டு மாதம் வகுப்பு நடந்தது. மூன்றாம் மாதம் அந்த மாடிக்குப் பூட்டு.

"நான்தான் அப்பவே சொன்னேனே. செடி கொடி படிச்சவளுக்கு பாங்குல இன்னா வேலை? காமர்ஸ் படிச்சவங்களே சும்மா உக்காந்துகினு இருக்காங்க" என்றார் அண்ணன். அடுத்த முகூர்த்தத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் நான் படித்தது பி.ஏ. வரலாறு. ஹைதர் அலி 1781-ல் இதே சோளிங்கரில் சண்டை போட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதியவள். டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியாமலேதான் 1984-ல் ஒரு பாங்கின் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தேன். அப்போது பி.எஸ்.ஆர்.பி. என்கிற தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆள் எடுத்தது. அவர்களும் காமர்ஸ் கேட்கவில்லை. முதல் வாரமே கேஷில் ஐந்நூறு ரூபாய் குறைந்து, சொந்தக் காசைக் கட்டிவிட்டு வீட்டில் சொல்லாமல் அழுதேன். ஆனால் முப்பத்து மூன்று வருஷம் அங்கேயே இருந்து ரிடையர் ஆகியிருக்கிறேனே!

நான் ஏதோ சின்ன கிளார்க், என்னை விடுங்கள். அருந்ததி பட்டாச்சார்யா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் படித்தது ஆங்கில இலக்கியம். 1977-ல் ஸ்டேட் பாங்கில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தார். 2013-ல் அந்த பாங்குக்கே தலைவர் ஆனார். 1806-ல் கல்கத்தா பாங்காகத் தொடங்கிய நிறுவனம் அது. இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரத்தில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர்தான். கவிதையும் நாடகமும் படித்தவருக்கு வரவு செலவு வரவில்லையா என்ன?

இதைவிட நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. நம் வேலூர்ச் சிறையில் தொடங்கிய கதை!

ஆர். சிவபோகம் என்று ஒரு பெண்மணி, 1907-ல் பிறந்தவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். சகோதரி சுப்புலட்சுமியின் செல்வாக்கில் வளர்ந்தவர். சுதேசி இயக்கத்தில் இறங்கி, வேலூர்ச் சிறையில் ஒரு வருஷம் இருந்தார். ஜெயிலில் இருக்கிற பெண் என்ன யோசிப்பாள்? எப்போது வெளியே போவோம் என்று யோசிப்பாள். இவரோ வெளியே போனதும் கணக்குத் தணிக்கைப் படிப்புப் படிப்பது என்று தீர்மானித்தார். அந்தக் காலத்தில் அதற்கு ஜி.டி.ஏ. என்று பெயர். 1933-ல் அதில் தேறினார். பெண்கள் ஆபீசுக்குப் போவதே அதிசயமாக இருந்த நாட்களில், நாட்டிலேயே அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண்.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. சிறை சென்றவர்கள் ஆடிட்டராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்று வெள்ளைக்கார சர்க்கார் சட்டம் வைத்திருந்தது. படித்து, தேறி, கையில் பட்டத்தை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாத நிலைமை. அவர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பிற்காலத்தில் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் கவுன்சிலுக்கே தலைவராக இருந்தார். 1966-ல் காலமானார்.

இந்தக் கதையைச் சொன்னபோது வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. "வேலூர் ஜெயில்லயா அத்தை?" என்றாள். பஸ்ஸில் எத்தனை முறை அந்த ஊர் வழியாகப் போயிருப்பாள்!

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தாவரவியலோ, தமிழ் இலக்கியமோ, ஹோம் சயன்ஸோ இருக்கலாம்.

அரசு பாங்குகளுக்கு ஐ.பி.பி.எஸ். என்ற அமைப்பு பரீட்சை நடத்துகிறது. ஸ்டேட் பாங்க் தனியாக நடத்துகிறது. கிளார்க் வேலைக்கும் சரி, ஆபீசர் வேலைக்கும் சரி, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கிளார்க்குக்கு வயசு 20 முதல் 28 வரை, ஐ.பி.பி.எஸ். ஆபீசருக்கு 20 முதல் 30 வரை. ஓ.பி.சி. பிரிவினருக்கு மேலும் மூன்று வருஷம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ஐந்து வருஷம். இவள் "வயசு போயிடுச்சு" என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கிளார்க்குக்கே இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது!

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும். கணவனை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், சட்டப்படி பிரிந்து வாழ்கிறவர்கள், மறுமணம் செய்துகொள்ளாதிருந்தால் கிளார்க் பரீட்சைக்குப் பொதுப் பிரிவில் 35 வயது வரை எழுதலாம். ஓ.பி.சி.க்கு 38, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. முப்பத்து மூன்று வயசில் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்து, "இனிமே எனக்கு எங்கே வேலை" என்று உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் காதில் இது விழுந்தால் நான் எழுதியதற்குப் பலன்.

பரீட்சையில் முதல் கட்டம் ஒரு மணி நேரம், நூறு கேள்வி. ஆங்கிலம், கணக்கு, புத்திக்கூர்மைக் கேள்விகள் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். சோளிங்கருக்குக் கடிகாசலம் என்று பெயர் உண்டு. ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிஷம், அங்கே இருந்தாலே முக்தி என்பார்கள். இங்கே கடிகைக்கும் நாலு நிமிஷம் குறைச்சல்! தவறான விடைக்குக் கால் மார்க் போய்விடும். தெரியாததை விட்டுவிடுவதும் ஒரு திறமை.

கவனித்தீர்களா, இந்த முதல் கட்டத்தில் காமர்ஸ் என்று ஒரு வரி கூட இல்லை. அடுத்த கட்டத்தில்தான் பாங்க், பொருளாதாரம் பற்றிய கேள்விகள் வருகின்றன. ரெப்போ விகிதம் என்றால் என்ன, ரிசர்வ் பாங்க் என்ன செய்கிறது என்கிற மாதிரி. தினம் பேப்பரின் வணிகப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது மலை இல்லை. கிளார்க் பரீட்சைக் கேள்விகளைத் தமிழிலேயே வாங்கி எழுதலாம், ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான். கிளார்க்குக்கு இன்டர்வியூ கிடையாது, ஆபீசருக்கு உண்டு.

கணக்குதான் பயம். அண்ணன் மகள் பிளஸ் டூவில் கணக்கே இல்லாத குரூப். "பத்தாவதோட மூட்டை கட்டிட்டேன் அத்தை" என்றாள். நல்லதுதான், அந்த மூட்டையைப் பிரித்தால் போதும். கேட்பது சதவிகிதம், விகிதம், வட்டி, லாப நஷ்டம், சராசரி, வேலையும் நேரமும். ஆறாவதிலிருந்து பத்தாவது வரையுள்ள பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்களை வரிசையாகப் போட்டு முடிக்கச் சொன்னேன். பரணில் தம்பியின் பழைய புத்தகங்கள் இருந்தன. செலவு, தூசி தட்டின துடைப்பம்தான்.

பயிற்சிக்கு நாற்பதாயிரம் கட்டத்தான் வேண்டுமா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே போட்டிப் பரீட்சைக்கு இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். சோளிங்கர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்தது. 'நான் முதல்வன்' திட்டத்திலும் பாங்க் பரீட்சைக்குப் பயிற்சி உண்டு. தனியார் வகுப்புகள் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஆனால் "வேலை கேரண்டி" என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பரீட்சை எழுதுவது நீங்கள், மார்க் போடுவது கம்ப்யூட்டர், நடுவில் இவன் யார்?

சில்லறை விஷயங்களில்தான் நம் பெண்கள் கோட்டை விடுவது. மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலை விரித்து இன்னொரு பெயர். கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது பெயர். இதையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்பே சரி செய்துகொள்ள வேண்டும். நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் மத்திய அரசு இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக, மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டும். கடைசி நிமிஷத்தில் தாசில்தார் ஆபீசுக்கு ஓடினால் நடக்காது. சுய உதவிக் குழுவிலோ வேறெங்கோ வாங்கின கடனில் தவணை பாக்கி இருந்தால் அதையும் ஒழுங்குபடுத்துங்கள். வேலைக்கு எடுக்கும்போது கடனைத் திருப்பும் பழக்கத்தையும் பாங்குகள் பார்க்கின்றன.

"ஆபீசரா, கிளார்க்கா?" என்று அண்ணி கேட்டாள். இது வெறும் சம்பளக் கேள்வி இல்லை. ஆபீசர் என்றால் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். கிளார்க் என்றால் பெரும்பாலும் நம் மாநிலத்துக்குள். பெண்ணை ஒரிசாவுக்கு அனுப்ப அண்ணன் சம்மதிப்பாரா? ஆனால் கிளார்க்காகச் சேர்ந்து உள்ளேயே பரீட்சை எழுதி ஆபீசர் ஆகிறவர்கள் நிறைய. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம பாங்கும் இருக்கிறது. 2019-ல் பல்லவன், பாண்டியன் கிராம பாங்குகள் சேர்ந்து உண்டானது. அதற்கும் ஏதாவது பட்டம் போதும், ஊழியம் தமிழ்நாட்டுக்குள்தான். காமர்ஸ் தெரியாத குறையை உள்ளே போன பிறகு தீர்த்துக்கொள்ளலாம். 1928-லிருந்து நடக்கிற இந்திய வங்கி நிதிக் கழகம் ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்று ஒரு பரீட்சை வைக்கிறது. டெபிட், கிரெடிட் எல்லாம் நான் கற்றது அந்தப் புத்தகத்தில்தான். தேறினால் சம்பளத்திலும் உயர்வு.

சிவபோகம் அம்மையார் வழியும் திறந்தேதான் இருக்கிறது. காமர்ஸ் அல்லாத பட்டதாரி 60 சதவிகிதம் மார்க் வைத்திருந்தால், சி.ஏ. படிப்பில் முதல் படியை விட்டுவிட்டு நேரே இரண்டாவது படிக்குப் போகலாம். ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும். பரீட்சை கடினம், இரண்டு மூன்று தடவை எழுத வேண்டியிருக்கும். வீட்டில் சமாளிக்கக்கூடிய நிலைமை இருந்தால் மட்டும் இறங்குங்கள். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, பாதியில் விட்டுவிட்டு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேசிக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பெண் ஏற்கெனவே பண விவகாரத்துக்குப் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்!

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் பக்கமெல்லாம் தோல். ஷூவாகவும் தோலாகவும் வெளிநாட்டுக்குப் போகிறது. ஜெர்மனிக்காரன் ஒருவன் ஆயிரம் ஜோடி கேட்கிறான். அவனை நம்பி எப்படி அனுப்புவது? நம்மை நம்பி அவன் எப்படி முன்பணம் தருவான்? நடுவில் பாங்க் வருகிறது. "இன்னின்ன பத்திரங்கள் சரியாக வந்தால் நான் பணம் தருகிறேன்" என்று அவனுடைய பாங்க் உறுதி கொடுக்கிறது. இதுதான் எல்.சி. என்கிற லெட்டர் ஆஃப் கிரெடிட். பாங்க்காரன் ஷூவைப் பார்க்கமாட்டான், காகிதத்தைத்தான் பார்ப்பான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது எல்லாம் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்க வேண்டும். 2007-லிருந்து நடைமுறையில் உள்ள சர்வதேச விதிப்படி, பொதுவாகச் சரக்கு ஏறின 21 நாளுக்குள் கப்பல் ரசீது முதலான பத்திரங்களைப் பாங்கில் கொடுத்துவிட வேண்டும். பாங்க் அவற்றை ஐந்து வேலை நாளுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி எண்ணிக்கையில் ஒரு இலக்கம் மாறினாலும் பணம் நின்றுவிடும். சரக்குப் போவதற்கு முன்பே தோல் வாங்க, கூலி கொடுக்கக் கடன் தருவார்கள். அதற்கு பேக்கிங் கிரெடிட் என்று பெயர்.

இலையின் நரம்பை எண்ணிப் படம் போட்டுப் பழகின கண்ணுக்கு, காகிதத்தில் தப்புக் கண்டுபிடிக்கவா வராது? பேக்கிங் லிஸ்டை எழுதுகிறவளே இவள்தான். "அந்த லிஸ்ட் அப்புறம் எங்கே போவுதுன்னு நான் கேட்டதே இல்ல அத்தை" என்றாள். நாளைக்கே கேள் என்றேன். ராத்திரியில் டாலியும் கற்றுக்கொள்ளச் சொன்னேன்.

கேட்டாள். முதலில் சிரித்தார்களாம். பிறகு, பத்திரம் பார்க்கிற செக்‌ஷனில் ஒருவர் பிரசவ லீவில் போக, "கொஞ்ச நாள் நீ பாரேன்" என்று உட்கார வைத்தார்கள். சம்பளம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை ஃபைலைத் தூக்கிக்கொண்டு பாங்குக்குப் போகிறாள். கவுன்ட்டருக்கு வெளியே நின்றாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிகிறது.

பரீட்சையும் எழுதினாள். முதல் தடவை முதல் கட்டத்திலேயே போயிற்று, ஆங்கிலத்தில்தான் அடி. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஜாதகக் கட்டை மறுபடி வெளியே எடுத்தார், அவ்வளவுதான். இரண்டாம் தடவை முதல் கட்டம் தாண்டிவிட்டாள். அடுத்த கட்டம் எழுதிவிட்டு வந்து, முடிவுக்காகக் காத்திருக்கிறாள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நானும் நரசிம்மரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் போயிருந்தேன். நடையில் அண்ணனும் மகளும் ஒரு காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு வாக்குவாதம். சங்கிலி அடகு வைத்த ரசீது அது.

"நூத்துக்கு ரெண்டு வட்டிதானே, அதிகமாவா கேக்குறான்?" என்றார் அண்ணன்.

"அது மாசத்துக்குப்பா. வருஷத்துக்கு இருபத்தினாலு. நாப்பதாயிரத்துக்கு மாசம் எண்ணூறு ரூபா. பதினாலு மாசத்துல பதினோராயிரத்து இருநூறு குடுத்திருக்கோம். அசல் அப்படியே நிக்குது. பாங்குல நகைக்கடன் ஒம்போது பர்சென்ட்னு வெச்சிக்கினாகூட மாசம் முந்நூறுதான்."

அண்ணன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதி ஐந்நூறு?"

"அதான் இத்தினி நாளா சும்மா குடுத்துக்கினு இருந்தோம்."

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேருமாக பாங்குக்குப் போனார்கள். கைமாற்றாக நாற்பதாயிரம் புரட்டி, சேட்டிடமிருந்து சங்கிலியை மீட்டு, அன்றைக்கே பாங்கில் வைத்து, கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சங்கிலி இன்னும் அண்ணி கழுத்துக்கு வரவில்லை. மிச்சமாகிற ஐந்நூறோடு பெண் தன் சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் சேர்த்து மாதாமாதம் அசலில் கட்டுகிறாள். எந்த மாதம் சங்கிலி வீட்டுக்கு வரும் என்று காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அண்ணி அதை எனக்கு எடுத்துக் காட்டினாள்.